துணியிலும் தாளிலும் ஒளிப்படம் மாற்றும் கைவினை: ஒரு வரலாறு

ஒரு ஒளிப்படத்தை அது முதலில் அச்சிடப்பட்ட தாளிலிருந்து துணி, கைவினைத் தாள், மரம், பீங்கான் போன்ற வேறொரு பரப்புக்குக் கொண்டுசெல்லும் வேலை ஒளிப்பட மாற்றம் எனப்படும். குடும்பப் படங்களைக் கொண்டு தலையணை உறை, சுவர்த் துணி, குவில்ட் எனப்படும் ஒட்டுத்துணிப் போர்வை, வாழ்த்தட்டை, நினைவு ஏடு முதலியவற்றைக் கையால் செய்வோர் இம்முறைகளைப் பயன்படுத்துகின்றனர். சூரிய ஒளியில் காயவைக்கும் நீல அச்சு, கரைப்பான் கொண்டு தேய்த்து மாற்றுதல், பசைப்பூச்சில் ஒட்டி உரித்தல், இஸ்திரிப் பெட்டியால் அழுத்தும் சூட்டுத்தாள், நேரடியாகத் துணியில் அச்சிடுதல் ஆகியவை இவற்றுள் முக்கியமானவை.

இம்முறைகள் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு தேவைகளுக்காகத் தோன்றியவை. ஆயினும் எல்லாவற்றையும் ஒரே கேள்வி இணைக்கிறது. படத்தின் நிறம் துணியின் இழைக்குள் இறங்குகிறதா, அல்லது இழையின் மேல் ஒரு தோலாகப் படிகிறதா என்பதே அது. கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கும் படத்துக்கு இக்கேள்வி எழுவதில்லை. துணியில் உள்ள படம் தொடப்படும், மடிக்கப்படும், துவைக்கப்படும், வெயிலில் உலரும். அன்புக்குரிய ஒருவரின் முகம் இத்தனையையும் தாங்கி நிற்குமா என்பது இந்தக் கேள்விக்குக் கிடைக்கும் விடையைப் பொறுத்தது.

ஒளிப்படத்துக்கு முன்

ஒரு பரப்பில் உள்ள படத்தைத் தாளின் துணையால் மற்றொரு பரப்புக்கு மாற்றும் எண்ணம் ஒளிப்படத்தைவிடப் பழையது. இங்கிலாந்தின் லிவர்பூல் நகரைச் சேர்ந்த ஜான் சாட்லர், கை கிரீன் ஆகிய இருவரும் 1756 சூலை 27 அன்று ஆறு மணி நேரத்தில் 1,200க்கும் மேற்பட்ட ஓடுகளில் படம் அச்சிட்டதாக உறுதிமொழி ஆவணம் அளித்தனர். செதுக்கிய அச்சிலிருந்து மெல்லிய தாளில் மையை எடுத்து, தாள் ஈரமாக இருக்கும்போதே அதனைப் பீங்கானில் அழுத்தி மாற்றும் முறை பின்னர் பிரித்தானியப் பீங்கான் தொழிலில் பரவலானது. புகழ்பெற்ற மட்பாண்ட உற்பத்தியாளர் சோசையா வெட்ஜ்வுட் தம் கலங்களை லிவர்பூலுக்கு அனுப்பிப் படம் அச்சிட்டுப் பெற்றார். இன்றைய சூட்டுத்தாளில் எழுத்து தலைகீழாக, கண்ணாடியில் தெரிவதுபோல் அச்சிடப்படுவதற்கான காரணம் இம்முறையிலேயே தெளிவாகிறது. ஒரு தாளின் முகம் மற்றொரு பரப்பின் முகத்தோடு சேரும்போது இடம் வலமாகும்.

துணியின் பக்கத்தில், நிறத்தை இழைக்குள் நிலைநிறுத்தும் அறிவு இந்தியாவில் மிகப் பழமையானது. சோழமண்டலக் கரையின் கலம்காரித் துணிகளில் கறுப்புக் கோடு வரையத் துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் நீரில் ஊறவைத்துப் புளிக்கவிட்ட கரைசல் பயன்படுகிறது. துணி முன்னதாகவே கடுக்காய்ச் சாற்றில் தோய்க்கப்பட்டிருக்கும். கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் இழைக்குள் சேர்ந்து, நீரில் கரையாத கறுப்பாகின்றன. தமிழ்நாட்டில் கருப்பூர், சிக்கல்நாயக்கன்பேட்டை ஆகிய ஊர்கள் கலம்காரிக்கு அறியப்பட்டவை. கரையும் நிலையில் உள்ள இரும்பு உப்பைத் துணிக்குள் செலுத்தி, அங்கேயே கரையாத நிறமாக மாற்றுவது இதன் அடிப்படை. பின்னாளில் ஒளிப்படத்தைத் துணியில் பதித்த முதல் எளிய வீட்டு முறையும் இதே அடிப்படையில்தான் இயங்கியது.

தோலில் தோன்றி மறைந்த படம்

சோசையா வெட்ஜ்வுட்டின் மகன் தாமஸ் வெட்ஜ்வுட், வெள்ளி நைட்ரேட்டு ஒளியில் கறுக்கும் இயல்பைக் கொண்டு படம் உருவாக்க முயன்றார். அவருடைய சோதனைகளை வேதியியலாளர் ஹம்ப்ரி டேவி 1802இல் வெளியிட்டார். வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலில் நனைத்த தாளும் வெள்ளைத் தோலும் இச்சோதனைகளில் பயன்பட்டன. இலைகளின் உருவமும் கண்ணாடியில் வரைந்த ஓவியங்களின் நிழலும் அவற்றில் பதிந்தன. தோலில் தாளைவிட விரைவாகப் படம் தோன்றியது. எனினும் ஒளி படாத பகுதியில் எஞ்சிய வெள்ளி உப்பை நீக்க வழி தெரியவில்லை. அதனால் படத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தால் முழுப் பரப்பும் கறுத்தது. இருட்டில் வைத்தால் மட்டுமே படம் எஞ்சியது.

இச்சிக்கலுக்குத் தீர்வு 1839இல் பரவலாகத் தெரியவந்தது. வெள்ளி உப்புகளைச் சோடியம் தயோசல்பேட்டு கரைக்கும் என்பதை ஜான் ஹெர்ஷல் 1819ஆம் ஆண்டளவிலேயே கண்டறிந்திருந்தார். ‘ஹைப்போ’ என்று ஒளிப்படக் கலைஞர்கள் பின்னர் அழைத்த பொருள் இது. வில்லியம் ஹென்றி பாக்ஸ் டால்பட் உப்பு நீரிலும் வெள்ளி நைட்ரேட்டிலும் தோய்த்த தாளில் உருவாக்கிய படங்களும் இதனால் நிலைத்தன.

அக்காலத்தில் வீடுகளில் வேறொரு வடிவிலும் வெள்ளி நைட்ரேட்டு இருந்தது. சலவைக்குப் போகும் துணிகளில் உரிமையாளரின் பெயரை எழுதும் அழியா மைகள் பல, இவ்வுப்பைக் கொண்டே செய்யப்பட்டன. தென்னிந்தியாவில் சலவைத் தொழிலாளர்கள் இதே வேலைக்குச் சேங்கொட்டைச் சாற்றைப் பயன்படுத்தினர். அழியா மை கிடைத்ததும் 1840களில் அமெரிக்காவின் கிழக்கு மாநிலங்களில் பெயர் எழுதிய குவில்ட் போர்வைகள் பரவின. ஊரைவிட்டுச் செல்லும் தோழிக்கு நண்பர்களும் உறவினரும் ஆளுக்கொரு துண்டில் கையெழுத்திட்டுத் தைத்துக் கொடுப்பது வழக்கமாயிற்று. இரும்பு கலந்த பழைய எழுதுமைகள் காலப்போக்கில் துணியை அரித்துவிடும். அவற்றால் எழுதப்பட்ட சில போர்வைகளில் இன்று பெயர் இருந்த இடத்தில் எழுத்தின் வடிவிலேயே ஓட்டைகள் உள்ளன. துணியில் நினைவைப் பதிப்போர் வேதியியலைக் கவனிக்க வேண்டும் என்பதற்கு இவை ஆரம்பகாலச் சான்றுகள்.

நீல அச்சு

ஹெர்ஷல் 1842இல் சயனோடைப் எனப்படும் நீல அச்சு முறையை வெளியிட்டார். இதில் வெள்ளி இல்லை. அம்மோனியம் ஃபெரிக் சிட்ரேட்டு, பொட்டாசியம் ஃபெரிசயனைடு ஆகிய இரு கரைசல்களைக் கலந்து தாளிலோ துணியிலோ பூசி, இருட்டில் உலர்த்த வேண்டும். அதன் மேல் எதிர்மறைப் படத்தையோ ஒரு இலையையோ வைத்து வெயிலில் காட்டினால், ஒளி பட்ட இடத்தில் இரும்பு உப்பு மாற்றமடைந்து, பிரசியன் நீலம் என்ற கரையாத நிறமி உருவாகும். ஒளி படாத இடத்தில் உள்ள உப்புகள் நீரில் கரைந்து போய்விடும். படத்தை நிலைநிறுத்தத் தனி வேதிப்பொருள் தேவையில்லை. ஒரு வாளித் தண்ணீர் போதும்.

அன்னா அட்கின்ஸ் என்ற தாவரவியலாளர் 1843 முதல் 1853 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட பிரித்தானியக் கடற்பாசிகள் பற்றிய நூல் முழுவதும் இம்முறையில் உருவானது. ஒளிப்படங்களைக் கொண்டு வெளிவந்த முதல் நூலாக அது கருதப்படுகிறது. பாசிகளை நேரடியாகத் தாளின் மேல் வைத்து ஒவ்வொரு படியையும் தனித்தனியே வெயிலில் அச்சிட்டனர். 1870களிலிருந்து கட்டட வரைபடங்களைப் படியெடுக்க இம்முறை பெருமளவில் பயன்பட்டது.

ஒளிப்படக் கருவி எளிய மக்களின் கைக்கு வந்தபோது நீல அச்சு வீட்டுக் கைவினையாகவும் மாறியது. ஈஸ்ட்மன் நிறுவனம் 1888இல் கோடக் கருவியை 25 டாலர் விலையில் வெளியிட்டது. 1900இல் வந்த பிரவுனி கருவியின் விலை ஒரு டாலர். இருட்டறையோ விலையுயர்ந்த வெள்ளித் தாளோ இல்லாத குடும்பத்தினர், தாங்கள் எடுத்த படங்களை நீல அச்சில் மலிவாகப் படியெடுத்தனர். இதே கரைசலைப் பருத்தித் துணியில் பூசி, குடும்பத்தினரின் முகங்களும் சுற்றுலாக் காட்சிகளும் பதிந்த தலையணை உறைகளையும் போர்வைகளையும் உருவாக்கினர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த இத்தகைய பொருட்கள் அமெரிக்க அருங்காட்சியகங்களிலும் சேகரிப்புகளிலும் உள்ளன.

நீல அச்சு துணிக்கு ஏற்றதாக அமைந்ததன் காரணம் அதன் நிறம் இருக்கும் இடமே. கரைசல் பருத்தி இழைக்குள் ஊறிய பின்னரே நிறமி அங்கே உருவாகிறது. ஆகவே துணி விறைப்பதில்லை. விரலால் தடவினால் படம் இருப்பதே தெரியாது. மடித்தாலும் விரிசல் விழாது. இதற்கும் ஒரு பகை உண்டு. காரத்தன்மை கொண்ட சலவைச் சோடாவும் சோப்பும் பிரசியன் நீலத்தைச் சிதைத்து வெளிர் மஞ்சளாக்கிவிடும். நீண்ட நேரம் வெயிலில் கிடந்து வெளிறிய நீல அச்சை இருட்டில் வைத்தால், காற்றிலுள்ள ஆக்சிசனால் பெருமளவு நிறம் மீளும். காரத்தால் அழிந்த படம் அவ்வாறு மீள்வதில்லை. நூறாண்டு தாங்கக்கூடிய ஒரு படத்தை ஒரு நாள் சலவை அழித்துவிடக்கூடும்.

தாளில் வெட்டி ஒட்டிய முகங்கள்

தாள் கைவினையின் வரலாறு வேறு வழியில் சென்றது. பிரெஞ்சு ஒளிப்படக் கலைஞர் டிஸ்டெரி 1854இல் காப்புரிமை பெற்ற முறையால் ஒரே கண்ணாடித் தகட்டில் பல சிறு படங்களை எடுக்க முடிந்தது. முகவரிச் சீட்டின் அளவில் அட்டையில் ஒட்டப்பட்ட இப்படங்கள் மலிந்ததும், ஒரே முகத்தின் பல படிகள் ஒவ்வொரு வீட்டிலும் சேர்ந்தன. வெட்டினாலும் இழப்பில்லை என்ற நிலை அப்போதுதான் வந்தது. 1860களிலும் 1870களிலும் இங்கிலாந்தின் மேல்தட்டுப் பெண்கள் உறவினரின் முகங்களைக் கத்தரித்து, தாங்கள் நீர்வண்ணத்தில் தீட்டிய விசிறிகள், வாத்துகள், வரவேற்பறைக் காட்சிகள் ஆகியவற்றின் மேல் ஒட்டிப் படத்தொகுப்பு ஏடுகளை உருவாக்கினர். கலைஞர்கள் படவொட்டு ஓவியத்தைக் கையில் எடுப்பதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முற்பட்ட வீட்டு வேலைகள் இவை.

இந்தியாவிலும் இதற்கு இணையான ஒரு மரபு தோன்றியது. இராசத்தானின் நாத்துவாரா திருத்தலத்துக்கு வழிபாடு செய்ய வந்த அடியவர்கள், தாங்கள் சிறீநாத்ஜி முன் வணங்கி நிற்பதுபோன்ற ஓவியங்களை வரையச் சொல்லிப் பெறுவது வழக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து ஓவியர்கள் இவற்றில் அடியவரின் முகத்தை வரைவதற்குப் பதிலாக அவருடைய ஒளிப்படத்திலிருந்து தலைப்பகுதியை வெட்டி ஒட்டினர். உடையும் அணிகளும் கோயிலும் தூரிகையால் தீட்டப்பட்டன. ஓவியத்தோடு பொருந்துமாறு ஒளிப்பட முகத்தின் மேலும் வண்ணம் பூசப்பட்டது.

தாளிலிருந்து தாளுக்குப் படத்தின் படலத்தையே பெயர்த்து மாற்றும் முறையும் இக்காலத்தது. ஜோசப் சுவான் 1864இல் காப்புரிமை பெற்ற கார்பன் அச்சில், கரித்தூள் கலந்த ஜெலட்டின் படலம் ஒளியில் இறுகும். அதனை வேறொரு தாளில் அழுத்தி வெந்நீரில் கழுவினால், இறுகாத பகுதி கரைந்து நீங்கிப் படம் புதிய தாளில் நிற்கும். கரி வெளிறாது என்பதால் இப்படங்கள் நீண்டகாலம் நிலைத்தன. வெள்ளிப் படங்கள் மஞ்சளாகி மங்கிய காலத்தில் இது பெரிய நன்மை. ஒளியில் இறுகும் ஜெலட்டினே பின்னர் ஒளிப்படத் திரை அச்சுக்கும் அடிப்படையாயிற்று. திரையின் கண்களை அடைத்துப் படத்தின் வடிவில் மட்டும் மையை விடும் இம்முறை, பனியன்களில் படம் பதிக்கும் தொழிலாக உலகெங்கும் வளர்ந்தது. திருப்பூரின் பின்னலாடைத் தொழிலிலும் திரை அச்சுக்கு இடம் உண்டு. ஆயினும் ஒவ்வொரு படத்துக்கும் தனித் திரை செய்ய வேண்டியிருப்பதால், ஒரே ஒரு தலையணை உறை செய்ய விரும்பும் குடும்பத்துக்கு அது கட்டுபடியாகவில்லை.

கரைப்பானும் பசையும்

அமெரிக்க ஓவியர் ராபர்ட் ராசன்பெர்க் 1958 முதல் 1960 வரை தாந்தேயின் நரக காண்டத்துக்காக 34 ஓவியங்களை உருவாக்கினார். இதழ்களிலிருந்து வெட்டிய படங்களைக் கரைப்பானில் நனைத்து, தாளின் மேல் கவிழ்த்து வைத்து, மை தீர்ந்த பேனாவால் பின்புறத்தைத் தேய்த்தார். அச்சு மை கரைந்து கீழ்த்தாளில் இறங்கியது. தேய்த்த கோடுகள் படத்திலேயே தெரிந்தன. இக்கோடுகள் தரும் மங்கலான, பென்சில் ஓவியம் போன்ற தோற்றத்துக்காகவே கைவினைஞர்கள் இன்றும் இம்முறையை விரும்புகின்றனர்.

1950களில் ஓவியர்களுக்கான அக்ரிலிக் வண்ணங்கள் சந்தைக்கு வந்தன. நீரில் கரைந்த நிலையில் பூசப்பட்டு, உலர்ந்ததும் நீர் புகாத தெளிவான படலமாகும் இப்பொருள் மற்றொரு வழியைத் திறந்தது. அச்சிட்ட படத்தின் முகத்தில் அக்ரிலிக் பசையைப் பூசித் துணியிலோ மரத்திலோ கவிழ்த்து ஒட்டி, முழுவதும் உலர்ந்தபின் பின்புறத் தாளை நனைத்து விரலால் மெல்ல உருட்டி நீக்குவர். தாள் போய்விடும். மை மட்டும் அக்ரிலிக் படலத்தில் பதிந்து நிற்கும். துணியில் இப்படம் சற்று விறைப்பாக இருக்கும். இங்கே நிறம் இழைக்குள் போகவில்லை. அதனைச் சுமக்கும் படலமே துணியைப் பற்றியிருக்கிறது.

நகலெடுக்கும் இயந்திரம்

செஸ்டர் கார்ல்சன் 1938 அக்டோபர் 22 அன்று நியூயார்க்கின் அஸ்டோரியா பகுதியில் நிலைமின்னூட்டத்தால் முதல் உலர் நகலை எடுத்தார். அக்கண்டுபிடிப்பிலிருந்து உருவான ஜெராக்ஸ் 914 இயந்திரம் 1959இல் வெளிவந்தது. தமிழ்நாட்டில் நிறுவனத்தின் பெயரே நகலெடுத்தல் என்ற வேலையின் பெயராகிவிட்டது. இவ்வியந்திரத்தில் மைக்குப் பதிலாக டோனர் என்ற பொடி உள்ளது. கரியோ வண்ண நிறமியோ கலந்த நெகிழித் தூளான அது, வெப்பத்தில் உருகித் தாளில் ஒட்டுகிறது. மீண்டும் சூடாக்கினால் மீண்டும் உருகும். கரைப்பான் பட்டாலும் இளகும். அலுவலகப் பயன்பாட்டுக்காகச் செய்யப்பட்ட பொருளின் இந்த இரு இயல்புகளும் கைவினைஞர்களுக்குப் பெரும் வாய்ப்பாக அமைந்தன. குடும்ப ஏட்டிலுள்ள ஒரே மூலப் படத்தைச் சேதப்படுத்தாமல் நகலை மட்டும் பலியிட்டு வேலை செய்யும் நிலையும் இதனால் உருவானது.

1968இல் 3எம் நிறுவனம் வெளியிட்ட வண்ண நகல் இயந்திரம், ஆவியாகும் சாயங்களைக் கொண்டு இயங்கியது. சிகாகோ கலைக்கல்விக் கழகப் பள்ளியின் ஆசிரியர் சோனியா லாண்டி ஷெரிடன் இதனைக் கலைக் கருவியாகப் பயன்படுத்தினார். அவர் 1970இல் அங்கே தொடங்கிய கல்வித் திட்டம், நகலெடுக்கும் இயந்திரங்களைக் கலைஞர்களின் கைக்குக் கொண்டுவந்தது. 1980களில் வண்ண நகல் கடைகள் பெருகியபோது, சூட்டுத்தாளில் குடும்பப் படத்தை நகலெடுத்து வாங்கி வீட்டில் இஸ்திரிப் பெட்டியால் துணியில் பதிப்பது மேலைநாடுகளில் எளிதாயிற்று.

எய்ட்ஸ் நினைவுக் குவில்ட்

இக்கைவினையின் தேவையை உலகறியச் செய்த நிகழ்வு அதே பத்தாண்டில் நிகழ்ந்தது. சான் பிரான்சிஸ்கோவில் 1985 நவம்பரில் நடந்த மெழுகுவர்த்தி ஊர்வலத்தில், எய்ட்ஸ் நோயால் இறந்தவர்களின் பெயர்களை அட்டைகளில் எழுதி, நடுவணரசுக் கட்டடத்தின் சுவரில் ஒட்டினர். அந்தச் சுவர் ஒட்டுத்துணிப் போர்வைபோல் தோன்றியதிலிருந்து கிளீவ் ஜோன்ஸ் என்ற செயற்பாட்டாளருக்கு நினைவுக் குவில்ட் பற்றிய எண்ணம் பிறந்தது. அந்நோயால் இறந்தவர்களின் உடலை ஏற்கச் சில இறுதிச்சடங்கு நிலையங்கள் மறுத்த காலம் அது. நோயின் பெயரைக் குடும்பத்தினரே மறைத்ததும் உண்டு. பலருக்குக் கல்லறையோ பொது நினைவிடமோ அமையவில்லை.

ஒருவருக்கு ஒரு துண்டு என்ற முறையில் குவில்ட் தைக்கப்பட்டது. ஒவ்வொரு துண்டும் 3 அடி அகலமும் 6 அடி நீளமும் கொண்டது. ஒரு மனிதரின் கல்லறை ஏறத்தாழ அந்த அளவுதான். எட்டுத் துண்டுகள் இணைந்து 12 அடிச் சதுரமாகும். 1987 அக்டோபர் 11 அன்று வாசிங்டன் நகரின் தேசியப் பூங்கா வெளியில் முதன்முறையாக விரிக்கப்பட்டபோது அதில் 1,920 துண்டுகள் இருந்தன. 1996 அக்டோபரில் அந்த வெளி முழுவதையும் நிறைக்கும் அளவுக்கு அது வளர்ந்திருந்தது. இன்று ஏறத்தாழ 50,000 துண்டுகளும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்களும் கொண்ட அதன் எடை 54 டன்.

இத்துண்டுகளில் இறந்தவரின் சட்டை, பொம்மை, பதக்கம், கடிதம் ஆகியவற்றோடு ஒளிப்படங்களும் இடம்பெற்றன. தைத்தவர்களுள் பெரும்பாலோர் தேர்ந்த கைவினைஞர்கள் அல்லர். மகனை இழந்த தாயும் துணையை இழந்தவரும் முதல்முறையாக ஊசியைப் பிடித்தவர்களாக இருந்திருக்கலாம். அவர்களுக்கு அமைப்பினர் வழங்கிய குறிப்புகள் மிக நடைமுறை சார்ந்தவை. படத்தைச் சூட்டுத்தாளில் நகலெடுத்து, முழுப் பருத்தித் துணியில் இஸ்திரி போட்டுப் பதித்து, அத்துணியைத் துண்டில் தைப்பது சிறந்தது என்பது ஒன்று. படத்தைத் தெளிவான நெகிழி உறையிலிட்டுத் தைத்தால், நடுவில் இல்லாமல் சற்றுத் தள்ளித் தைக்க வேண்டும் என்பது மற்றொன்று. குவில்ட் மடித்து வைக்கப்படும்போது மடிப்பு முகத்தின் மேல் விழக்கூடாது என்பதே இதன் நோக்கம். பசை நாளடைவில் சிதையும் என்பதால் ஒட்டுவதைவிடத் தைப்பது நல்லது என்றும் அறிவுறுத்தப்பட்டது.

நகலை மட்டும் பயன்படுத்துவது, பருத்தியைத் தேர்வது, மடிப்பைத் தவிர்ப்பது, பசையை நம்பாதது ஆகிய நான்கும் நூற்றைம்பது ஆண்டுகளில் துணியில் நினைவைப் பதித்தோர் பட்ட அனுபவத்தின் சாரம் எனலாம். மடித்து, ஊர் ஊராக எடுத்துச் சென்று, மீண்டும் மீண்டும் விரிக்கப்படும் ஒரு நினைவிடத்தில் முகங்கள் நிலைக்க வேண்டும் என்ற தேவை, இக்கைவினையைப் பொழுதுபோக்கு என்ற வரம்பைத் தாண்டிக் கொண்டுசென்றது.

ஆவியாகும் சாயமும் வீட்டு அச்சுப்பொறியும்

செயற்கை இழைகளின் வரவு மற்றொரு கிளையை வளர்த்தது. பாலியெஸ்டர் இழையை விண்ஃபீல்டு, டிக்சன் ஆகிய பிரித்தானிய வேதியியலாளர்கள் 1941இல் உருவாக்கினர். இந்த இழை நீரை ஏற்பதில்லை என்பதால் வழக்கமான பருத்திச் சாயங்கள் இதில் பிடிப்பதில்லை. இதற்கென உள்ள சாயங்களுள் சில, சூடாக்கினால் திரவமாகாமல் நேரடியாக ஆவியாகின்றன. பிரான்சின் நோயல் டி பிளாஸ் 1957இல் இவ்வியல்பைக் கொண்டு, தாளில் அச்சிட்ட படத்தைத் துணிக்கு மாற்றும் முறையை உருவாக்கினார். ஏறத்தாழ 200 பாகை செல்சியசு வெப்பத்தில் தாளிலுள்ள சாயம் ஆவியாகிப் பாலியெஸ்டர் இழைக்குள் நுழைகிறது. துணி ஆறியதும் அங்கேயே சிக்கிக்கொள்கிறது. பருத்தியில் இது பிடிக்காது, துவைத்தால் போய்விடும். பீங்கான் குவளையில் படம் பதிப்பவர்கள், முன்கூட்டியே பாலிமர் பூச்சிட்ட குவளையைப் பயன்படுத்துவதும் இதனால்தான். தமிழ்நாட்டின் ஊர்களில் ஒளிப்பட நிலையங்கள் பிறந்தநாளுக்கும் திருமணத்துக்கும் செய்துதரும் படம் பதித்த குவளைகளும் பளபளப்பான தலையணைகளும் பெரும்பாலும் இவ்வகையைச் சேர்ந்தவை.

வீட்டுக்கு வந்த கருவி இங்க்ஜெட் அச்சுப்பொறி. 1984இல் எச்பி நிறுவனத்தின் திங்க்ஜெட் வெளிவந்தது. 1990களில் வண்ண இங்க்ஜெட் பொறிகள் வீட்டு மேசைக்கு வந்தன. அவற்றுக்கான சூட்டுத்தாளில் மெல்லிய பாலிமர் பூச்சு இருக்கும். அச்சிட்டு இஸ்திரி போடும்போது அப்பூச்சு உருகி, மையைச் சுமந்தபடி துணியில் ஒட்டும். குவில்ட் தைப்போர் பூச்சின் விறைப்பை விரும்பவில்லை. ஊசி நுழைவதற்குத் துணி துணியாகவே இருக்க வேண்டும். எனவே உறைபெட்டியில் உணவைப் பொதியப் பயன்படும் மெழுகு போன்ற பூச்சுத் தாளைத் துணியின் பின்புறம் இஸ்திரி போட்டு ஒட்டி, தாளின் அளவுக்கு வெட்டி, துணியையே அச்சுப்பொறிக்குள் செலுத்தும் வழியைக் கண்டனர். மை கரையாமல் இருக்கத் துணியை முன்னதாக ஒரு கரைசலில் தோய்த்தனர். பின்னர் இவ்வாறு ஆயத்தம் செய்யப்பட்ட துணித் தாள்களே கடைகளில் கிடைத்தன. அண்மைக்காலத்தில், நெகிழித் தாளில் அச்சிட்டு, உருகும் பசைப்பொடி தூவி, எவ்வகைத் துணியிலும் அழுத்தும் முறை சிறு கடைகளில் வேகமாகப் பரவியுள்ளது.

முறையும் நிலைப்பும்

வரலாறு காட்டும் வேறுபாடுகள் இன்றைய கைவினைஞரின் தேர்வுக்கு நேரடியாக உதவுகின்றன. பசையிலும் கரைப்பானிலும் மாற்றுவதற்கு டோனர் கொண்ட லேசர் நகலே ஏற்றது. சாதாரண இங்க்ஜெட் மை நீரில் கரைவதால், பின்புறத் தாளை நனைக்கும்போது படமும் கரைந்து ஓடும். கரைப்பான்களின் ஆவி தீங்கானது. காற்றோட்டமான இடத்தில், நெருப்புக்கு எட்டத்திலேயே அவற்றைக் கையாள வேண்டும்.

இழைக்குள் நிறம் இறங்கும் முறைகளில் துணியின் மென்மை கெடுவதில்லை. ஆனால் ஒவ்வொன்றும் தனக்குரிய இழையையே ஏற்கும். நீல அச்சுக்குப் பருத்தி, பட்டு போன்ற இயற்கை இழைகளும், ஆவிச் சாயத்துக்குப் பாலியெஸ்டரும் வேண்டும். இழைமேல் படலமாகப் படியும் முறைகள் பலவகைத் துணிகளையும் ஏற்கும். ஆனால் மடிப்பிலும் சலவையிலும் வெடிப்பு விழக்கூடும். படத்தின் மேல் நேரடியாக இஸ்திரிப் பெட்டி பட்டால் படலம் உருகும். தொடாமல் சுவரில் தொங்கும் துணிக்கு ஒளியே முதல் எதிரி. குழந்தையின் போர்வைக்குச் சலவையே முதல் எதிரி. நீல அச்சானால் காரமில்லாத மென்மையான சலவைத் திரவம் வேண்டும். ஆகவே முறையைத் தேர்வதற்கு முன், பொருள் எவ்வாறு பயன்படப் போகிறது என்பதை முடிவுசெய்வதே பொருத்தமானது.

எந்த முறையும் மூலப் படத்துக்கு மாற்றாகாது. வெட்ஜ்வுட்டின் தோலில் மறைந்த படங்கள் முதல், மை அரித்த போர்வைகளும் சோடாவில் வெளிறிய நீலத் தலையணைகளும் வரை, இழப்புகள் பல மூலம் ஒன்றே என்ற நிலையில் நேர்ந்தவை. இன்று படத்தை வருடி எடுத்து மின்னணுக் கோப்பாக வைத்துக்கொள்ள முடிகிறது. துணியில் உள்ள முகம் தேய்ந்தாலும் மற்றொரு துணியில் மீண்டும் பதிக்கலாம். அதனால் போர்வை பெட்டிக்குள் பூட்டப்படாமல் பயன்பாட்டில் இருக்கலாம், கைபட்டுக் கைபட்டு மங்கலாம்.